ஆட விட்டார்கள், ஆள விடவில்லை!

சித்திரை மாதத்தில் திருவாரூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போய்ப் பாருங்கள். சம்பா அறுவடை முடிந்து, அதன் பின் தெளித்த உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் இல்லை. வயல் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். மூன்று மூங்கில் குச்சி, ஒரு மட்டை, ஒரு ரப்பர் பந்து. அவ்வளவுதான் சாமான்கள்.

யார் காப்டன்? அதில் தகராறே இல்லை. மட்டை யாருடையதோ அவன்தான் காப்டன்! அவன் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனால் ஆட்டம் நின்றுவிடும். நன்றாகப் பந்து போடுகிற பையன் வேறு ஒருவனாக இருப்பான். அவனிடம் மட்டை கிடையாது. அவன் வேர்க்க வேர்க்கப் பந்து போடுவான். மற்றவன் உத்தரவு போடுவான்.

பையன்கள் ஆட்டத்தில் இது வேடிக்கை. பெரியவர்கள் ஆட்டத்தில் இது வேடிக்கையாக இருக்கவில்லை.

பல்வாங்கர் பாலு என்று ஒரு மனிதர் இருந்தார். அவர் காலத்தில் இந்தியாவில் அவரைப் போலப் பந்து வீசியவர் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார்களை மண்ணைக் கவ்வ வைத்தார். சீமைக்குப் போய் 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். ஆனால் அவர் ஆடிய அணிக்குக் காப்டன் ஆகும் பாக்கியம் மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. காரணம், அவர் பிறந்த சாதி!

மாதச் சம்பளம் 3 ரூபாய்

பாலு பிறந்தது தார்வாரில். 1870-களின் நடுவில் பிறந்தவர். அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் மேற்குக் கடற்கரையில் உள்ள பல்வான் என்ற கிராமம். பல்வாங்கர் என்ற பெயர் வந்தது அதனால்தான். தோல் பதனிட்டுச் செருப்புத் தைக்கும் வகுப்பைச் சேர்ந்தவர்கள். தீண்டத்தகாதவர்கள் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த வகுப்பு.

தகப்பனார் ராணுவத்தில் வேலை பார்த்தார். அதனால் குடும்பம் புனா நகரத்துக்கு வந்தது. ராணுவ அதிகாரிகள் ஆடிவிட்டுப் போட்ட பழைய பந்தையும் மட்டையையும் வைத்துக்கொண்டு பாலுவும் தம்பி சிவராமும் ஆடக் கற்றார்கள். பள்ளிக்கூடமும் இல்லை, வாத்தியாரும் இல்லை.

வீட்டில் வருமானம் போதாது. பாலு படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். என்ன வேலை? பார்சிக்காரர்கள் ஆடும் கிரிக்கெட் மைதானத்தைப் பெருக்குவது, உருளை இழுத்துத் தரையைச் சமன் செய்வது. நேரம் இருந்தால் உறுப்பினர்களுக்குப் பந்து போடுவது. சம்பளம் மாதம் 3 ரூபாய்.

1892-இல் வெள்ளைக்காரர்களின் புனா கிளப்பில் வேலை கிடைத்தது. சம்பளத்தில் ஒரு ரூபாய் உயர்வு! வலை கட்ட வேண்டும், கோடு போட வேண்டும், டென்னிஸ் ஆடும் இடத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கேயும் பந்து போடச் சொன்னார்கள். போட்டார். இடது கையால், மெதுவாக, சுழற்றிச் சுழற்றிப் போட்டார். ஒரு பந்து உள்ளே திரும்பும். அடுத்தது அதே மாதிரி வரும், ஆனால் வெளியே திரும்பும். துரைகள் திணறினார்கள்.

தலைக்கு எட்டணா!

அந்தக் கிளப்பில் கிரெய்க் என்று ஒரு ராணுவ அதிகாரி. அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார ஆட்டக்காரர்களில் மிகச் சிறந்தவர். (பிற்காலத்தில் அவர் கத்தோலிக்கப் பாதிரியார் ஆனார் என்பது வேறு கதை.) மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வந்து, பாலுவைப் பந்து போடச் சொல்வார். ஒரு முறை என்னை ஆட்டமிழக்கச் செய்தால் எட்டணா தருகிறேன் என்று பந்தயம் கட்டினார் என்று சொல்வார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதச் சம்பளம் 4 ரூபாய். எட்டு முறை கிரெய்க்கை வீழ்த்தினால் இன்னொரு 4 ரூபாய். பாலுவின் கை பழகியதில் ஆச்சரியம் என்ன? ஏழை வீட்டுப் பிள்ளைக்கு எட்டணாவே வாத்தியார்!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. இத்தனை வருஷம் பந்து போட்டாரே, ஒரு நாளாவது அவர் கையில் மட்டையைக் கொடுத்து, கொஞ்சம் அடித்துப் பார் என்று யாரும் சொல்லவில்லை. மட்டை பிடிப்பது எஜமானர்கள் வேலை. பந்து போடுவது வேலைக்காரன் வேலை. வயலில் நாற்று நடுகிறவர் ஒருவர், வரப்பில் குடை பிடித்து நிற்கிறவர் ஒருவர் என்று தஞ்சைச் சீமையில் இருந்த வழக்கம்தான் அங்கே விளையாட்டு மைதானத்திலும் இருந்தது.

மண் குவளையில் தேநீர்

புனாவில் இந்துக்களுக்கும் ஒரு கிரிக்கெட் கிளப் இருந்தது. வெள்ளைக்காரர்களை ஜெயிக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தீராத ஆசை. வெள்ளையர் கிளப்பில் ஒரு பையன் பந்தால் மாயம் செய்கிறான் என்ற செய்தி அவர்கள் காதுக்கு எட்டியது. விசாரித்தார்கள். இந்துதான். ஆனால் தீண்டாதவன்!

சேர்ப்பதா, வேண்டாமா? கிளப்பில் பெரிய வாக்குவாதம் நடந்தது. அணியில் இருந்த தெலுங்கர்கள், சேர்த்துக்கொள்வோம் என்றார்கள். புனா பிராமணர்கள் தயங்கினார்கள். அப்போது கிரெய்க் துரை பத்திரிகையில் ஒரு கருத்து வெளியிட்டார். பாலுவைச் சேர்க்காமல் விட்டால் இந்துக்கள் முட்டாள்கள் என்பதே அதன் சாரம். தன்னை வீழ்த்தப் பழகியவனை எதிர் அணியில் சந்திக்க அவருக்கே ஆசையோ என்னவோ! அதன் பிறகு பாலுவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

எப்படிச் சேர்த்தார்கள்? மைதானத்துக்குள் எல்லோரும் ஒன்று. பாலு தொட்ட பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். ஆனால் தேநீர் இடைவேளை வந்ததும் மற்றவர்கள் கூடத்துக்குள் போய்ப் பீங்கான் கோப்பையில் குடிப்பார்கள். பாலு வெளியே நிற்பார். அவருக்கு மண் குவளையில் தேநீர். குடித்தவுடன் குவளையைத் தூக்கி எறிந்துவிட வேண்டும். முகம் கழுவ வேண்டுமா? தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு வேலையாள் மைதானத்தின் ஓரத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றுவான். சாப்பாடு தனித் தட்டில், தனி இடத்தில்.

திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தேநீர்க் கடைக்கு வெளியே கொட்டாங்கச்சியிலும் தனிக் குவளையிலும் வாங்கிக் குடித்த தலைமுறை இந்த மண்ணிலும் இருந்தது. பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுக்கும் கொடுமை ஒழிய வேண்டும் என்று 1944-இல் இங்கே போராடித்தான் ஒப்பந்தம் எழுத வேண்டியிருந்தது.

இன்னொரு வேடிக்கை. கிரிக்கெட் பந்து எதனால் ஆனது? தோலால் ஆனது! அதை வழவழப்பாக வைப்பதற்காக வேட்டியிலும் கால்சட்டையிலும் தேய்த்துத் தேய்த்துக் கொள்வார்கள். அந்தத் தோலைப் பதனிட்ட கை யார் கை, தைத்த கை யார் கை என்று ஒருவரும் கேட்டதில்லை. பந்துக்குத் தீட்டு இல்லை. கோப்பைக்குத்தான் தீட்டு!

சாத்தாராவில் நடந்த வேடிக்கை

பாலு சேர்ந்த பிறகு புனா இந்துக்களுக்கு வெற்றி மேல் வெற்றி. சாத்தாரா என்ற ஊரில் வெள்ளைக்காரர்களுடன் ஓர் ஆட்டம். பாலுவின் பந்து திரும்பாமல் செய்ய வேண்டும் என்று நினைத்து, அவர்கள் ஒரு வாரம் உருளை இழுத்துத் தரையைக் கண்ணாடி போல் ஆக்கி வைத்தார்கள். பாலுவோ சிறு வயதில் இருந்து உருளை இழுத்தவர். எந்தத் தரை எப்படி நடந்துகொள்ளும் என்று அவருக்கா தெரியாது? ஏழு விக்கெட்டுகளை எடுத்தார். இந்துக்கள் ஜெயித்தார்கள்.

ஊர் திரும்பியதும் பாராட்டுக் கூட்டம். நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே பாலுவைப் பொதுக் கூட்டத்தில் பாராட்டினார். உடன் ஆடுகிறவர்கள் உடன் உட்கார்ந்து உண்ணவும் வேண்டும் என்பது ரானடேயின் கட்சி. பால கங்காதர திலகரும் இன்னொரு கூட்டத்தில் பாலுவைக் கௌரவித்தார். சீர்திருத்தக்காரரும், பழமையை விடாதவரும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவது அபூர்வம். பாலுவின் பந்து அவர்களை ஒத்துப்போக வைத்தது.

பம்பாயில் பெரிய வெற்றி

1896-இல் புனாவிலும் பம்பாயிலும் பிளேக் நோய் பரவியது. அந்தச் சமயத்தில் பாலு பம்பாய் வந்து சேர்ந்தார். ரயில்வேயில் உத்தியோகம் கிடைத்தது. பம்பாய் இந்து ஜிம்கானாவில் இவரைச் சேர்க்கவும் எதிர்ப்பு இருந்தது. அந்த அணியின் காப்டன் கீர்த்திகர் பிடிவாதம் பிடித்ததால்தான் சேர்த்தார்கள்.

அந்தக் காலத்துக் கிரிக்கெட் இன்று போல் அல்ல. ஊருக்கு ஓர் அணி, மாநிலத்துக்கு ஓர் அணி என்று கிடையாது. வெள்ளைக்காரர் ஓர் அணி, பார்சிகள் ஓர் அணி, இந்துக்கள் ஓர் அணி, பிறகு முஸ்லிம்கள் ஓர் அணி. இப்படி மதத்தை வைத்துத்தான் போட்டி. சென்னையிலும் நிலைமை நன்றாக இல்லை. வெள்ளையர் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லை என்பதால்தான் புச்சி பாபு நாயுடு 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். வெள்ளையர் நம்மை வெளியே நிறுத்தினால் நமக்குக் கோபம் வருகிறது. நாம் ஒருவரை வெளியே நிறுத்தினால் அது ஆசாரம்!

1906 பிப்ரவரி மாதம். பம்பாய் ஜிம்கானா மைதானம். இந்தியர் யாரும் உறுப்பினராக முடியாத இடம் அது. வங்காளப் பிரிவினையும் சுதேசி இயக்கமும் நாட்டைக் கொதிக்க வைத்திருந்த நேரம். இந்துக்களுக்கும் வெள்ளையருக்கும் ஆட்டம். இந்துக்கள் முதலில் 242 ரன், பிறகு 160 ரன். வெள்ளையர் முதலில் 191 ரன். இரண்டாவது ஆட்டத்தில் அவர்களுக்கு வேண்டியது 212 ரன். எடுத்ததோ 102 ரன்தான்! 109 ரன் வித்தியாசத்தில் இந்துக்கள் ஜெயித்தார்கள். பாலு முதலில் மூன்று, பிறகு ஐந்து, ஆக எட்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். தம்பி சிவராமும் அந்த அணியில் ஆடினார்.

அதற்குள் பம்பாய் அணியில் இன்னொரு மாறுதலும் நடந்திருந்தது. பாலுவும் சிவராமும் மற்ற ஆட்டக்காரர்களோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்! முதலில் வெளியே, பிறகு உள்ளே தனியாக, கடைசியில் எல்லோரோடும் என்று அந்த இடம் படிப்படியாகக் கிடைத்தது. ஆட்ட வெற்றியை விட இதுதான் பெரிய வெற்றி என்று சீர்திருத்தப் பத்திரிகை ஒன்று அப்போது எழுதியது.

சீமையில் 114 விக்கெட்

1911-இல் இந்திய அணி ஒன்று முதல் முதலாக இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. பார்சி, இந்து, முஸ்லிம் என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். காப்டன் யார்? பட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். வயது 19! ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடிய வருஷம் அது. மகாராஜாவுக்கு விருந்துகளுக்குப் போகவே நேரம் சரியாக இருந்தது. பெரும்பாலான ஆட்டங்களுக்கு அவர் வரவே இல்லை. மட்டை வைத்திருப்பவன் காப்டன் என்ற சட்டம் சமுத்திரத்தைத் தாண்டியும் செல்லுபடியாயிற்று.

ஆரம்பத்தில் வரிசையாகத் தோல்வி. மொத்தம் 23 ஆட்டங்களில் 6 ஆட்டங்களில்தான் வெற்றி. ஆனால் இந்தத் தோல்விகளுக்கு நடுவில் பாலுவின் இடது கை மட்டும் ஓயவில்லை. தோள் வலியோடு பந்து போட்டார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அணியுடன் ஆடியபோது ஒரே இன்னிங்சில் 8 பேரை வீழ்த்தினார். பயணம் முடிந்தபோது அவர் கணக்கில் 114 விக்கெட்டுகள்! அப்போது அவருக்கு வயது 35-க்கு மேல்.

பம்பாய் திரும்பியதும் தாழ்த்தப்பட்ட மக்கள் கூட்டம் போட்டு அவருக்கு வரவேற்பு அளித்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு வரவேற்புப் பத்திரம் எழுதியவர் ஒரு கல்லூரி மாணவர். வயது 20. எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். பெயர் பீமராவ் அம்பேத்கர்!

அமெரிக்காவிலும் அதே கதை

இந்த இடத்தில் அமெரிக்காவைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம்.

அங்கே பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். உருண்டை மட்டையால் பந்தை அடித்துவிட்டு, நான்கு மூலைகளையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு ரன். நமக்குக் கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. 1884-இல் டொலிடோ நகர அணியில் பிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் ஆடினார். அதன் பிறகு பெரிய அணிகள் எல்லாம் சேர்ந்து, கறுப்பரைச் சேர்ப்பதில்லை என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டன. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது எழுதியிருக்கவில்லை. ஆனால் அறுபது வருஷம் அது நின்றது.

கறுப்பர்கள் சும்மா இருக்கவில்லை. 1920-இல் ரூப் பாஸ்டர் என்பவர் கறுப்பர் அணிகளுக்கென்று தனிச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். அங்கே சாட்செல் பெய்ஜ் பந்து போட்டார். ஜாஷ் கிப்சன் பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்தார். வெள்ளையர் அணியில் ஆடினால் இவர்கள் கோடீசுவரர்கள். ஆனால் வழியில் சாப்பிட ஓட்டலும் இல்லாமல், படுக்க இடமும் இல்லாமல் பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போய் ஆடினார்கள்.

1947 ஏப்ரல் 15-ஆம் தேதி ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் அணியில் இறங்கினார். தடை உடைந்தது. கூட்டத்தினர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். பதில் பேசக்கூடாது என்பது அவரைச் சேர்த்த முதலாளி போட்ட நிபந்தனை. ராபின்சன் மட்டையால் பதில் சொன்னார். அந்த நாளைப் பார்க்க ஜாஷ் கிப்சனுக்குக் கொடுத்து வைக்கவில்லை. மூன்று மாதம் முன்பு, ஜனவரியில், 35 வயதில் இறந்துபோனார். சாட்செல் பெய்ஜுக்கு மறு வருஷம் இடம் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 42!

பாலுவுக்கோ, ராபின்சனுக்கு அரை நூற்றாண்டு முன்பே மைதானக் கதவு திறந்துவிட்டது. அந்த வகையில் இந்தியா முந்திக்கொண்டது என்று சொல்லலாம். ஆனால் இரண்டு நாட்டிலும் அடுத்த கதவு அவ்வளவு சுலபத்தில் திறக்கவில்லை. ஆடுவது வேறு. தலைமை தாங்குவது வேறு.

அண்ணன் தம்பிகள் வெளியேறினர்!

பாலுவுக்குத் தம்பிகள் சிவராம், கண்பத், விட்டல். மூவருமே இந்து அணியில் ஆடினார்கள். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நால்வர்! விட்டல் மட்டை பிடித்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்பார்கள். அண்ணன் கையில் மட்டையே கொடுக்காத காலம் போய், தம்பி மட்டையால் பேர் வாங்கும் காலம் வந்தது.

சீமையில் இருந்து திரும்பிய பிறகு பாலுவே அணியில் மூத்தவர். அவரைக் காப்டன் ஆக்குங்கள் என்று வருஷா வருஷம் பத்திரிகைகளுக்குக் கடிதங்கள் போயின. 1913-இல் எம்.டி. பாய் என்ற பிராமணர் காப்டன் ஆனார். அவருக்கு நடந்த பாராட்டுக் கூட்டத்தில் அவரே எழுந்து, இந்தப் பதவி என் நண்பர் பாலுவுக்குப் போயிருக்க வேண்டியது என்று சொல்லிவிட்டார்! நல்ல மனிதர். ஆனாலும் கமிட்டி அசையவில்லை.

1920-ஆம் வருஷம் புனாவில் போட்டி. முதல் ஆட்டத்துக்குப் பாய் உடல் நலமில்லாமல் வரவில்லை. அடுத்த மூத்தவர் பாலு. அவரைக் காப்டன் ஆக்க வேண்டுமே என்ற தர்மசங்கடம் கமிட்டிக்கு. என்ன செய்தார்கள் தெரியுமா? பாலுவை அணியில் இருந்தே எடுத்துவிட்டார்கள்! விட்டலையும் தாண்டி, தேவதர் என்ற கல்லூரி ஆசிரியரைக் காப்டன் ஆக்கினார்கள். தேவதர் நல்ல ஆட்டக்காரர்தான். ஆனால் விட்டலுக்கு இளையவர்.

சிவராமும் விட்டலும் நேரே ஓர் அறிக்கை எழுதிப் பத்திரிகைக்குக் கொடுத்தார்கள். மூப்புக்கும் திறமைக்கும் மதிப்பில்லாமல் சாதியைப் பார்த்துக் காப்டனைத் தேர்ந்தெடுத்தால், நாங்கள் ஆட வரமாட்டோம் என்றார்கள். சொன்னபடியே ஆடவில்லை.

சும்மா நினைத்துப் பாருங்கள். தேநீருக்கு வெளியே நிறுத்தியபோது அண்ணன் வாய் திறக்காமல் நின்றார். மைதானம் பெருக்கி வயிறு கழுவிய பையனுக்கு அப்போது வேறு வழி இல்லை. இருபத்தைந்து வருஷம் கழித்து அவருடைய தம்பிகள், எங்களுக்கு மரியாதை இல்லாத அணி எங்களுக்கு வேண்டாம் என்று மட்டையைக் கீழே வைத்தார்கள். காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கம் நடத்திய அதே வருஷம் அது. கடல் கடந்த அமெரிக்காவில் ரூப் பாஸ்டர் தனிச் சங்கம் கண்டதும் அதே 1920-இல்தான்.

ஊரில் பெரிய பரபரப்பு. கமிட்டி இறங்கி வந்தது. இறுதி ஆட்டத்துக்குப் பாய் திரும்பினார். பாலுவை மறுபடி சேர்த்து, உதவிக் காப்டன் ஆக்கினார்கள். ஆட்டத்தின் நடுவில் பாய் கொஞ்ச நேரம் மைதானத்தை விட்டு வெளியே போனார். அந்த நேரம் அணியை நடத்தியவர் பாலு! பாய் வேண்டுமென்றே அப்படி வெளியே போனாரா? அப்படித்தான் இருக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம்தான் பாலு அனுபவித்த தலைமை.

அதன் பிறகும் கமிட்டி இரண்டு வருஷம் மழுப்பியது. கடைசியில் 1923-இல் விட்டலைக் காப்டன் ஆக்கினார்கள். அந்த வருஷமே இந்து அணி போட்டியில் ஜெயித்தது. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. விட்டலைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தூக்கியவர்களில் உயர்ந்த சாதிக்காரர்களும் உண்டு. சாதி வித்தியாசத்தை மறந்த இந்துக்களுக்கு ஜே, மகாத்மா காந்திக்கு ஜே என்ற முழக்கத்தோடு ஒரு ரசிகர் பத்திரிகைக்குக் கடிதமே எழுதினார்.

ராஜாவும் பாலுவும்

பாலு பிறகு அரசியலுக்கும் வந்தார். இங்கேதான் நம் தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு ஏற்படுகிறது. சென்னை பரங்கிமலையில் பிறந்த எம்.சி. ராஜா தாழ்த்தப்பட்ட மக்களின் பெரிய தலைவர். 1932-இல் தனித் தொகுதி வேண்டும் என்று டாக்டர் அம்பேத்கர் உறுதியாக நின்றபோது, கூட்டுத் தொகுதியே போதும் என்றார் ராஜா. பாலு ராஜாவின் பக்கம் சேர்ந்தார். அந்த ஆண்டு செப்டம்பர் 24-ஆம் தேதி எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்தபோது ஏற்பட்ட புனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், ராஜா இருவரோடு பாலுவும் கையெழுத்திட்டார்.

1937 தேர்தலில் பம்பாய்ச் சட்டசபைக்கு அம்பேத்கர் நின்றார். அவரை எதிர்த்துக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் யார்? பாலு! இருபத்தாறு வருஷம் முன்பு வரவேற்புப் பத்திரம் எழுதிக் கொடுத்த மாணவரும், அதைப் பெற்றுக்கொண்ட வீரரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். அம்பேத்கருக்கு 13,245 ஓட்டு. பாலுவுக்கு 11,225 ஓட்டு. அம்பேத்கர் ஜெயித்தார்.

பாலுவை இதற்காகக் குறை சொல்கிறவர்களும் உண்டு. சேர்ந்து ஆடி, சேர்ந்து உண்டு, மெல்ல மெல்ல இடம் வாங்கிய மனிதர் அவர். உள்ளே இருந்தே மாற்றிவிடலாம் என்று நம்பினார். அம்பேத்கருக்கு அந்த நம்பிக்கை போய்விட்டது. மதம் மாறப் போகிறேன் என்று அம்பேத்கர் 1935-இல் அறிவித்ததைப் பாலு ஏற்கவில்லை. இரண்டு பேருமே பட்டவர்கள்தான். பட்ட இடத்தில் இருந்து இரண்டு வழியில் நடந்தார்கள்.

கணக்குப் புத்தகத்தில்

அமெரிக்காவில் ஜாக்கி ராபின்சன் 1972 அக்டோபர் 15-ஆம் தேதி ஒரு பெரிய ஆட்டத்துக்கு விருந்தினராக வந்தார். உடல் நலம் குன்றிக் கண் பார்வையும் மங்கியிருந்தது. எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். பதிலுக்கு அவர், ஓர் அணியை நடத்தும் தலைமைப் பதவியில் கறுப்பர் ஒருவரைப் பார்த்தால் இன்னும் சந்தோஷப்படுவேன் என்றார். ஒன்பதாம் நாள் காலமானார். மூன்று வருஷம் கழித்து, 1975-இல், பிராங்க் ராபின்சன் என்ற கறுப்பர் கிளீவ்லாந்து அணியின் மானேஜர் ஆனார். தடை உடைந்த 1947-க்கும் இதற்கும் நடுவில் 28 வருஷம்! பாலு புனா அணியில் சேர்ந்ததற்கும் விட்டல் காப்டன் ஆனதற்கும் நடுவிலும் கிட்டத்தட்ட அவ்வளவு வருஷம்தான்.

2020-இல் அமெரிக்கப் பேஸ்பால் சங்கம், கறுப்பர் அணிகள் தனியாக ஆடிய ஆட்டங்களும் பெரிய ஆட்டங்களே என்று ஒப்புக்கொண்டது. 2024-இல் அந்தக் கணக்கையும் பெரிய புத்தகத்தில் சேர்த்தார்கள். உடனே பேஸ்பால் சரித்திரத்திலேயே அடிப்பதில் மிக உயர்ந்த சராசரி ஜாஷ் கிப்சனுடையது என்று ஆயிற்று. அவர் இறந்து 77 வருஷம் கழித்து!

பாலுவின் கணக்கு முன்பே புத்தகத்தில் இருக்கிறது. 33 பெரிய ஆட்டங்கள், 179 விக்கெட்டுகள். ஒரு விக்கெட்டுக்கு அவர் கொடுத்தது சுமார் 15 ரன். இந்தியா தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியது 1932-இல். அப்போது பாலுவுக்கு வயது 55-க்கு மேல் ஆகிவிட்டது.

விட்டல் தன் விளையாட்டு வாழ்க்கையை மராத்தியில் எழுதி 1948-இல் புத்தகமாக வெளியிட்டார். அண்ணன் பட்டது, தம்பிகள் வெளியேறியது எல்லாம் அதில் உண்டு.

பாலு 1955 ஜூலை 4-ஆம் தேதி பம்பாயில் காலமானார். அதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூன் 1-ஆம் தேதி, இந்திய அரசின் தீண்டாமைக் குற்றச் சட்டம் அமலுக்கு வந்திருந்தது. ஓட்டலிலோ தேநீர்க் கடையிலோ எல்லோருக்கும் என்று வைத்திருக்கும் கோப்பையைத் தீண்டாமை காரணமாக ஒருவருக்குத் தர மறுத்தால், மறுத்தவருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கொடுக்கலாம் என்கிறது அந்தச் சட்டம்.